பஞ்சைக் கடித்திருந்த நேரம்

"சார், இந்தப் பல்லுக்குள்ள என்னத்த வச்சிருக்கீங்க?"

அவர் வாயை ஆவென்று திறந்து படுத்திருந்தார். டாக்டரம்மாவின் முகம் தலைக்கு மேலே தலைகீழாகத் தெரிந்தது. அந்த நிலையில் யார்தான் பதில் சொல்ல முடியும்? சுவரோரம் முக்காலியில் உட்கார்ந்திருந்த மனைவிதான் சொன்னாள்.

"குழாய் ஒழுகினா அடைப்பாங்களே, அந்தப் பசைங்க. ரெண்டு வருஷம் முன்னாடி ஓட்டை விழுந்தப்ப அவரே பிசைஞ்சு அடைச்சுக்கிட்டாரு."

நர்ஸ் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "ஒழுகலையே சார், கெட்டியாதான் இருக்கு."

"மேல கெட்டியாதான் இருக்கு," என்றார் டாக்டரம்மா. "அடியில வேர் வரைக்கும் அழுகிப் போச்சு. அன்னைக்கே வந்திருந்தா பல்லைக் காப்பாத்தியிருக்கலாம். இனிமே எடுக்கிறதுதான்."

முப்பத்து நான்கு வருடம் தண்ணீர் இறைக்கும் நிலையத்தில் ஃபிட்டராக இருந்தவர் அவர். எந்த வேலையை முடித்தாலும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு "முடிஞ்சுது" என்பார். அப்புறம் அதைப்பற்றி யாரும் பேசக்கூடாது. அங்கே இருந்தவர்கள் அவரை முதுகுக்குப் பின்னால் 'முடிஞ்சுது அண்ணன்' என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டிலும் அதே சொல்தான். மூன்று வருடமாக மகள் பேச்சை யாராவது எடுத்தால், "அது முடிஞ்சுது" என்று எழுந்து போய்விடுவார்.

ஊசி இரண்டு போட்டார்கள். கீழுதடு மெல்ல மெல்லக் கனத்து, வேறு யாருடையதோ போல ஆனது. "இனிமே வலி இருக்காது சார். ஆனா அழுத்தறது தெரியும், சத்தமும் கேட்கும். பயந்துடாதீங்க," என்றார் டாக்டரம்மா. உள்ளே போனது நெம்புகோல் என்பது அவருக்குப் பார்க்காமலே தெரிந்தது. துருப்பிடித்த போல்ட்டை யாரும் எடுத்தவுடன் இழுப்பதில்லை. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று அசைத்துத்தான் இளக்க வேண்டும். நல்ல கை, என்று நினைத்துக்கொண்டார். அப்போது மண்டைக்குள் மரம் முறிவதுபோல ஒரு சத்தம். பல் இரண்டாக உடைந்தது. வேர்களைத் தனித்தனியாக எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

மடித்த பஞ்சு ஒன்றைக் குழியில் வைத்து, "ஒரு மணி நேரம் நல்லா அழுத்திக் கடிச்சுக்குங்க. பேசக்கூடாது. பேசினா ரத்தம் நிக்காது," என்றார் டாக்டரம்மா. நர்ஸ் மனைவியிடம் இன்னொரு பஞ்சையும் ஒரு அச்சடித்த தாளையும் கொடுத்தாள்.

வீடு இரண்டு தெரு தள்ளித்தான். மாலை நான்கு மணி வெயிலில், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்ததும் தாளுக்குக் கை நீட்டினார். எழுத்துகள் எறும்பு மொய்த்ததுபோலத் தெரிந்தன. கண்ணாடி எங்கேயென்று கையால் கேட்டார்.

"கண்ணாடி இருக்கட்டும். நானே படிக்கிறேன்," என்று மனைவி எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தாள்.

"எச்சில்ல லேசா ரத்தம் கலந்து வரும். துப்பாதீங்க, முழுங்கிடுங்க. சூடா எதுவும் சாப்பிடாதீங்க. உறிஞ்சிக் குடிக்காதீங்க. நாளைக்கு வரைக்கும் வாய் கொப்பளிக்காதீங்க. கன்னம் வீங்கினா மேல ஐஸ் வைங்க. குழியை நாக்கால தொடாதீங்க." தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், அதே குரலில் மேலே போனாள். "வியாழக்கிழமை வியாழக்கிழமை நான் எங்க அக்கா வீட்டுக்குப் போகலை. நம்ம பொண்ணைப் பார்க்கப் போனேன்."

அவர் நிமிர்ந்தார்.

"எழுந்திரிக்காதீங்க. இன்னும் அம்பது நிமிஷம் இருக்கு. முப்பத்தோரு வருஷத்துல நான் ஆரம்பிச்ச பேச்சை முடிக்கிறதுக்கு எனக்கு இன்னைக்குத்தான் வாய்ச்சிருக்கு."

பஞ்சைக் கடித்தபடி அவர் உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம பொண்ணு புருஷன் வீட்ல இருக்கறதா நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. அங்க அவ போகவே இல்லை. அன்னைக்கு புருஷனை விட்டு வந்து நின்னவளைத் திரும்பிப் போன்னு நீங்க பெட்டியைத் தூக்கி ஆட்டோவுல வச்சீங்களே, அந்த ஆட்டோ ரயில்வே ஸ்டேஷனுக்குப் போச்சு. ரெண்டு ராத்திரி ஸ்டேஷன் பெஞ்சுல படுத்திருக்கா. அப்புறம் ஒரு சலவைக் கம்பெனியில வேலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பெல்லாம் துவைக்கிற இடம். கை ரெண்டும் வெந்து வெந்து உரிஞ்சிருக்கு."

வெளியே யாரோ சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டுப் போனார்கள். அவள் தாளை மடித்தாள், பிரித்தாள்.

"இப்ப வேற ஊர்ல நல்ல வேலை கிடைச்சிருக்கு. சனிக்கிழமை காலைல ஏழு மணி வண்டி. நானும் அவகூடப் போறேன். நீங்க ஸ்டேஷனுக்கு வந்து அவகிட்ட ஒரே ஒரு வார்த்தை பேசினா போதும். அவளுக்கு வீட்டை ஒழுங்குபண்ணிக் கொடுத்துட்டு ஒரு மாசத்துல திரும்பிடுவேன். நீங்க வரலேன்னா நானும் திரும்பி வரமாட்டேன்." மூச்சு வாங்கினாள். "உங்களை நான் ஒருநாளும் விட்டுக் கொடுத்ததில்லை. இருட்டுற நேரம், கண்ணாடியும் போடலை, அவன் அடிச்சு உன் கன்னம் வீங்கி இருந்ததை அப்பா பார்க்கவே இல்லைடி, பார்த்திருந்தா அனுப்பியிருக்க மாட்டாருன்னு ஒவ்வொரு வியாழக்கிழமையும் சொல்லிக்கிட்டுதான் இருக்கேன். அவளும் பாதி நம்பிட்டா."

அப்புறம் அவள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃப்ரிட்ஜ் ஒருமுறை உறுமி அடங்கியது. ஒரு மணி நேரம் ஆனதும் எழுந்து வந்து, "எடுங்க. இப்ப சொல்லுங்க," என்றாள்.

பஞ்சை எடுத்துப் பார்த்தார். ஓரத்தில் மட்டும் இளஞ்சிவப்பு. ரத்தம் நின்றுவிட்டிருந்தது, அவருக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. அவர் கை நீண்டு இரண்டாவது பஞ்சை எடுத்தது. அதை உள்ளே வைத்துக் கடித்துக்கொண்டார்.

"நின்னுடுச்சேங்க," என்றாள். அவர் தரையைப் பார்த்தார். "சரி. இன்னும் அரைமணி நேரம்தானே. மூணு வருஷம் காத்திருந்தவளுக்கு இது ஒரு பெரிய விஷயமா."

மீண்டும் எதிரே உட்கார்ந்தாள்.

அந்த அரைமணி நேரத்தில் மரத்துப்போனது விட ஆரம்பித்தது. முதலில் உதட்டோரம் ஊசி குத்துவதுபோல. அப்புறம் தாடை. அப்புறம் குழியின் அடியிலிருந்து வலி கிளம்பிக் காதுவரை ஏறியது. சுத்தமான பஞ்சைக் கடித்துக்கொண்டு அவர் ஒரே ஒரு காட்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாசல்படி. பெட்டி. மகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், வேண்டுமென்றே வாசல் விளக்கின் வெளிச்சத்தில் காட்டிக்கொண்டு நின்றது.

மனைவி கட்டிக் காத்த அந்தப் பொய்யை வைத்துக்கொண்டே சனிக்கிழமை ஸ்டேஷனுக்குப் போகலாம். 'தெரியாமப் போச்சும்மா' என்று ஒரு வார்த்தை. எல்லாம் முடிந்துவிடும். மேலே கெட்டியாக இருக்கும்.

பஞ்சை எடுத்தார். நாக்கு தடித்திருந்தது.

"பார்த்தேன்," என்றார்.

"என்னது?"

"அவ கன்னத்தை. நான் பார்த்தேன். கண்ணாடி இல்லாட்டி எழுத்துதான் தெரியாது. கன்னம் தெரியும். அக்கம்பக்கம் என்ன சொல்லுமோன்னு... பார்த்துட்டுத்தான் தூக்கி வச்சேன்."

அவள் முகம் மாறவில்லை. மடித்த தாள் மட்டும் மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்க அவள் குனியவில்லை. அப்போது அவள் செல்போன் அடித்தது. யாரென்று பார்த்துவிட்டு, எடுத்து மேசைமேல் ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அம்மா? பல்லு எடுத்தாச்சா?"

மூன்று வருடத்துக்கு அப்புறம் கேட்ட குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது.

"எடுத்தாச்சு," என்றாள் மனைவி.

"ரொம்ப வலிக்குதாம்மா அவருக்கு?"

மனைவி அவரையே பார்த்தாள். போனை அவர் பக்கம் தள்ளினாள். அவர் வாயைத் திறந்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

"ஆமாங்கறாரு."

மறுமுனையில், தூரத்தில் ஏதோ இயந்திரம் சுற்றுகிற சத்தம்.

"கன்னத்துல ஐஸ் வைக்கச் சொல்லும்மா. வெறுமனே வைக்க வேண்டாம், துணியில சுத்தி வைக்கணும். முதல் நாள் வைக்கலேன்னா மறுநாள் வீக்கம் ஜாஸ்தியாயிடும்."

போன் அணைந்தது. மனைவி எழுந்திருக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவள் எழுவாளா என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே எழுந்து போய், ஃப்ரிட்ஜைத் திறந்து, ஐஸ் தட்டைத் தேடினார். அது எந்த அடுக்கில் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.