வடக்குச் சுவர் இரும்புப் படி

எங்கள் டன்மோர் கவுண்டி கோர்ட்டின் வடக்குச் சுவரில், வெளிப்புறமாக ஓர் இரும்புப் படிக்கட்டு இருந்தது. இருபத்தேழு படி. மழையில் வழுக்கும், வெயிலில் கைப்பிடி சுடும். கறுப்பர்களான எங்களுக்கென்றே போட்டது. முன்வாசலில் தலை காட்டாமல் அதில் ஏறி நேராக, விசாரணையை மேலிருந்து பார்க்கும் மேல்மாடத்துக்குப் போய்விட வேண்டும். மணிக்கூண்டையும் முன்வாசல் தூண்களையும் படம் பிடிக்க எங்கிருந்தெல்லாமோ ஆள் வருவார்கள். அந்தப் படியை ஒருவரும் படம் பிடித்ததில்லை.

ஐம்பத்தெட்டில், எனக்கு ஏழு வயது. அம்மா என்னை அதில் ஏற்றிக்கொண்டு போனாள். மேல்மாடத்திலிருந்து பார்த்தால், கீழே நீதிபதி முன்னால் என் அண்ணன் லெமுவல் நின்றான். தான் திருடாத ஒரு டிராக்டர் பேட்டரிக்காக. திரும்பிப் பார்க்கக் கூடாதென்று அவனுக்கு உத்தரவு. நாற்பது நிமிடத்தில் ஆறு வருடம் என்று முடித்துவிட்டார்கள். நாங்கள் பார்த்தது அவன் உச்சந்தலையை மட்டும்தான். சிறையில் ரோடு போடும் வேலையிலேயே செத்துப் போனான். மகனை நினைத்துக்கொள்ள அம்மாவுக்குக் கல்லறைகூட இல்லை. அந்தப் படிதான் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை வந்து அதன் அடியில் நின்றுவிட்டுப் போவாள்.

அதே கோர்ட்டின் கீழ்த்தளத்தில், பத்திர அறையில், நான் முப்பது வருடமாக வேலை பார்க்கிறேன். கட்டடத்தைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்றதும் அந்தப் படியை எடுத்துவிடுவார்களோ என்று பயந்தேன். புதுப்பிக்கும் குழுவின் தலைவி மிஸஸ் ஹார்வெல்லிடம் போனேன். வெள்ளைக்காரி, என்னைவிட நான்கு வயது சின்னவள். அவளுக்கு நான் வெறும் வெர்லீன்.

"பயப்படாத வெர்லீன். கட்டின வருஷத்துல எப்படி இருந்துச்சோ அப்படியே கொண்டு வரப்போறோம். ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தேழு. அந்த வருஷத்துப் பழசு எதையும் தொட மாட்டோம்."

"அந்த இரும்புப் படி?"

"மேல்மாடம் பழசுதானே, படியும் பழசாத்தான் இருக்கும். சும்மா விடேன்."

சும்மா விட்டிருக்கலாம். எனக்குத்தான் புத்தி இல்லை. 'இருக்கும்' என்றால் போதுமா, காகிதம் வேண்டாமா? பத்திர அறைக்காரிக்கு அப்படித்தான் புத்தி போகும். மூன்று வாரம், மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் பழைய தீர்மானப் புத்தகங்களைப் புரட்டினேன். கிடைத்தது. 1911 மார்ச். 'முன்கூடத்தில் கறுப்பர் நடமாட்டம் நம் பெண்மணிகளுக்குச் சங்கடமாக இருப்பதால், வடக்குச் சுவரில் அவர்களுக்குத் தனிப் படி போடுவது.' கீழே அன்றைய கவுண்டி உறுப்பினர்கள் ஐந்து பேரின் கையெழுத்து. அவர்கள் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள், இனி எவனாலும் அழிக்க முடியாது என்று குதித்துக்கொண்டு கூட்டத்துக்கு எடுத்துப் போனேன்.

கட்டடக் கலைஞர் புரூயிட் அதைப் படித்தார். அவர் முகம் தெளிந்தது.

"பதினொண்ணா? அப்போ இது பின்னால ஒட்டினது. எடுத்துடலாம்."

"எதுக்குப் போட்டாங்கன்னும் எழுதியிருக்கு. அதையும் படிங்க."

"படிச்சேம்மா. அதுக்கு முன்னால எல்லாரும் உள்ள இருக்குற ஒரே படியிலதான் ஏறியிருக்கீங்க. நல்ல சேதிதானே?"

"பதினாலு வருஷம் உள்ள ஏறினோம். அப்புறம் அம்பது வருஷத்துக்கு மேல வெளிய ஏறினோம். அந்த அம்பது எங்க போச்சு?"

"தொண்ணூத்தேழுன்னு வருஷம் முடிவு பண்ணியாச்சு வெர்லீன்," என்றாள் மிஸஸ் ஹார்வெல். "இப்ப மாத்தினா இந்த வேலைக்கு வர்ற அரசு மானியம் போயிடும்." பிறகு என் தோளைத் தட்டினாள். "ஆனா எவ்வளவு பெரிய வேலை செஞ்சிருக்க. அந்த அசிங்கத்த என்ன பண்றதுன்னு நானே முழிச்சுட்டு இருந்தேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். இங்கே பூசணிக்காயோடு சோற்றையும் நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். ஓட்டெடுப்பில் ஏழு கை உயர்ந்தது. எனக்கு ஓட்டுக் கிடையாது.

திறப்பு விழாவுக்கு அம்மா வந்தாள். எண்பத்து நான்கு வயது. நாலைந்து தடவை சொல்ல வாயெடுத்தேன், தைரியம் வரவில்லை. மேடையை அவள் பார்க்கவேயில்லை, நேராக வடக்குப் பக்கம் நடந்தாள். அங்கே துடைத்துவிட்ட மாதிரி செங்கல் சுவர். படியைப் பொருத்தியிருந்த ஓட்டைகளைக்கூட அதே நிறத்தில் அடைத்திருந்தார்கள்.

"எங்கடி?"

"எடுத்துட்டாங்கம்மா."

"எவன் எடுத்தான்?"

"குழு."

அதற்குள் யாரோ ஒரு பெண் சிரித்தபடி அம்மா கையில் விழாப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். பிடுங்கிவிடலாமா என்று இருந்தது. கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது. 'பிற்காலத்தில் ஒட்டப்பட்ட வெளிப்படியைத் தக்க சான்றுடன் இனம் காட்டி, அதை அகற்ற உதவிய செல்வி வெர்லீன் டிஸ்டேலுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி.'

"இது நீதானே?"

"காப்பாத்தத்தாம்மா தேடினேன். சத்தியமா."

அவள் புத்தகத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவங்க எடுப்பாங்க, அவங்க புத்தி அது," என்றாள். "எடுத்துக் குடுக்க நீதான் கிடைச்சியா?"

பிறகு தனியாகவே காருக்கு நடந்தாள். வழக்கமாக என் பக்கத்தில்தான் உட்காருவாள். அன்று பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.