விளாங்குடிக்குப் போன ஊறுகாய் ஜாடி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் அட்டைப்பெட்டியிலிருந்து வந்தது. இணையத்தில் ஒரு கண்ணாடித் தம்ளர் வாங்கினேன். கன்றுக்குட்டியைப் படுக்கவைக்கும் அளவுக்குப் பெட்டி வந்தது. அதற்குள் இன்னொரு பெட்டி, அதற்குள் பபுள் ஷீட், அதற்குள் கசக்கிய செய்தித்தாள். எல்லாம் பத்திரமாக இருந்தன, தம்ளரைத் தவிர. எனக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு பொத்திப் பொத்தி அனுப்பிய மகராசி யார் என்றுதான் யோசித்தேன். கதை அப்படித்தான் தொற்றியது.

2

முதல் வரி: 'திருநகரில் சூரியபிரகாஷ் என்றொரு பீங்கான் வியாபாரி, பெட்டி கட்டுவதில்...'

வேண்டாம். அதற்குள் சூரியபிரகாஷ் பபுள் ஷீட்டைக் கையில் எடுத்துக் குமிழிகளைப் பட்டுப்பட்டென்று உடைக்க ஆரம்பித்துவிட்டார். இந்த ஆளை நம்பித் தொழிலை ஒப்படைக்க முடியாது. அவரைக் கணவராக மட்டும் வைத்துக்கொண்டு, வியாபாரத்தை அவர் மனைவி நாகஜோதியிடம் கொடுத்தேன். கதை நிமிர்ந்து உட்கார்ந்தது.

நாகஜோதி தன் வீட்டு முன்னறையில் இருந்தபடியே பீங்கான் ஊறுகாய் ஜாடிகளை இணையத்தில் விற்கிறாள். அவள் கட்டிய பெட்டியை யானை மிதித்தாலும் (மிகை, அடித்துவிட்டேன்). அவள் நன்றாகக் கட்டுவாள்.*

* முந்தைய வரைவில் பெட்டிக்குள் பொரியைக் கொட்டி நிரப்பினாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் கூரியர் கிடங்கில் எலி புகுந்து கதையைத் தின்றுவிடும் என்று தோன்றியதால் நீக்கினேன்.

3

ஒரு நாள் காலையில் புது ஆர்டர் வந்தது. ஜாடி ஒன்று. பெயர் பாண்டீஸ்வரி. ஊர் விளாங்குடி.

பாண்டீஸ்வரி நாகஜோதியின் கூடப்பிறந்த அக்கா. இரண்டு வருஷத்துக்கு முன் விளாங்குடியில் வீடு கட்டினாள். பால்காய்ச்சுக்குத் தங்கையை நேரில் வந்து அழைக்காமல் வாட்ஸப்பில் பத்திரிகையைத் தட்டிவிட்டாள். நாகஜோதி போகவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. அந்த வீட்டு வாசலை அவள் இன்றுவரை மிதித்ததில்லை.

ஆர்டரின் அடியில், டெலிவரி செய்பவருக்கான குறிப்பில் இப்படி இருந்தது: 'எந்நேரமும் வீட்லதான் இருப்பேன்.'

"எனக்குச் சொல்றா" என்றாள் நாகஜோதி.

"அது டெலிவரி பண்றவனுக்கு எழுதுனது, ஜோதி."

"விளாங்குடியில ஊறுகா ஜாடி கெடைக்காமயா எங்கிட்ட வாங்குறா? ஒரு போன் போட்டுப் பேச வாய் வலிக்குது. பத்திரிகையவே வாட்ஸப்புல போட்டவதான?"

"அப்ப ஆர்டரக் கேன்சல் பண்ணிரு."

"பண்ணுவேன், பண்ணுவேன். மொதல்ல அந்த பபுள் ஷீட்ட ஒடைக்காம இங்கிட்டுக் கொண்டாங்க."

4

ஜாடி வழியில் உடைந்தால் கூரியர்காரன் உடைத்தான் என்று யாரும் சொல்லப் போவதில்லை. புதுவீட்டுக்குத் தங்கச்சி உடைந்த சாமானை அனுப்பினாள் என்றுதான் சொந்தபந்தம் பேசும். அதற்கப்புறம் சென்மத்துக்கும் அக்கா இல்லை.

நாகஜோதி பபுள் ஷீட்டைச் சுற்றிச் சுற்றி, பெட்டிக்குள் பெட்டி வைத்து, டேப்பை ஒட்டோ ஒட்டென்று ஒட்டினாள். சூரியபிரகாஷ் அதை மாடிப்படியில் உருட்டிச் சோதித்தார். உள்ளே லொடக்கென்றது. அடித்துப்பிடித்துப் பிரித்தால், ஜாடியின் மூடிதான். மூடிக்குத் தனியாகத் துணி சுற்றி மறுபடி கட்டினாள். அப்போதும் லொடக். (சத்தம் பெட்டியிலா, அவள் மனதிலா என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன். ரொம்பக் கவிதையாக இருந்தது. பெட்டியில்தான்.)

அலுத்துப்போய்ப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மடியில் இருந்தபோது மட்டும் அது சத்தமே போடவில்லை.

கூரியரில் போட்டால் பெட்டி தெற்கே திருமங்கலம் கிடங்குக்குப் போய், அங்கிருந்து கோயம்புத்தூர் போய், அப்புறம்தான் வடக்கே விளாங்குடிக்கு வரும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை. டவுன் பஸ்ஸில் போனால் பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் மாறினால் போதும்.

நாகஜோதி சேலையை மாற்றினாள்.

"நீயா போனா, நீ எறங்கி வந்துட்டேன்னு ஆயிராதா?" என்றார் சூரியபிரகாஷ்.

"நான் எங்க போறேன்? பார்சல் போகுது. அதுகூட நான் போறேன், அம்புட்டுத்தான்."

(விற்பனைத் தளத்தின் விதிப்படி இது தப்பு. யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.)

5

இங்கேதான் எனக்கும் திண்டாட்டம். ஒரு முடிவில் பஸ் பிரேக் போட்டு ஜாடி உடைகிறது. எழுதிவிட்டுக் கிழித்தேன், மனசு கேட்கவில்லை. இன்னொரு முடிவில் கதவு திறந்ததும் அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்து அழ... இந்த இருவரையும் உங்களுக்குத் தெரியாது. முதலில் வாய் திறப்பதைவிட இரண்டு பேரும் வாயைத் தைத்துக்கொள்வார்கள்.

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

6

பாண்டீஸ்வரி கதவைத் திறந்தாள். வெளியே தங்கை, இடுப்பில் பிள்ளையைப் போலப் பெட்டி. முகம் வியர்த்திருந்தது. பெட்டியில் ஒரு நசுங்கல் இல்லை.

நாகஜோதி தொண்டையைச் செருமினாள். பேசுவது வேறு, தொழில் வேறு என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தாள். அக்காவின் முகத்தைப் பார்க்காமல், நிலைப்படியைப் பார்த்துச் சொன்னாள்:

"பார்சல் வந்திருக்கு. ஓடிபி சொல்லுங்க."

கூடப்பிறந்தவளுக்கு 'ங்க' போட்டதைக் கேட்டுப் பாண்டீஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிப்பும் வந்தது. அப்படி ஓர் எண் தன் போனுக்கு வரவில்லை, வரப்போவதும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். நாகஜோதிக்கும் தெரியும்.

இனி என் கையில் ஒன்றும் இல்லை. நிலைப்படிக்கு உள்ளே நிற்பது நீங்கள்தான். ஜாடி உடையவில்லை, அதற்கு நான் பொறுப்பு. ஆனால் பெட்டி கனக்கிறது, பாவம் அவள் கை வலிக்கிறது. வாயைத் திறந்து ஏதாவது நான்கு எண்களைச் சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் அவள் சரி என்றுதான் சொல்வாள்.