ஒரே ஒரு பெஹ்னாம்

அந்தப் பெயர் அப்பாவுக்குக் கிடைத்தது ஒரு லிஃப்ட்டின் கதவிடுக்கில்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான ஓர் அலுவலகக் கட்டடத்தில், இரண்டு மாடிகளுக்கு நடுவே பெட்டி நின்றுபோனது. உள்ளே ஒரே ஒருவர் மாட்டிக்கொண்டிருந்தார். கருத்தரங்குக்காக வெளிநாட்டிலிருந்து வந்த எலும்பு டாக்டர், பாரசீக மொழிக்காரர். மாற்ற வேண்டிய சாமான் கடையிலிருந்து வந்து சேரும்வரை அவர் பயந்துவிடக் கூடாதே என்று அப்பா தரையில் படுத்து, விரலளவு இடுக்கு வழியாகப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். இரண்டு பேருக்குமே இங்கிலீஷ் அரைகுறை. பெயரைக் கேட்டதும் உள்ளிருந்தவர் “பெஹ்னாம்” என்றார். ‘பெஹ்’ என்றால் நல்லது, ‘நாம்’ என்றால் பெயர். நல்ல பெயர் உள்ளவன் என்று அர்த்தம் சொன்னார். வெளியே வந்ததும் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதார். அம்மாவுக்கு அப்போது எட்டு மாதம்.

பிள்ளை பிறந்ததும் அப்பா வேறு பெயர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“என்ன மச்சான், பொறந்த அன்னிக்கே புள்ளைக்கு நாமம் போட்டுட்டீங்க!” என்று தாய்மாமன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“சிரிங்க, சிரிங்க. கூட்டத்துல நின்னு இந்தப் பேரைக் கூப்பிட்டா ஒருத்தன்தான் திரும்பிப் பார்ப்பான். அவன் என் புள்ளையா இருப்பான்.”

பள்ளிக்கூடத்தில் அவனைப் ‘பேனா’ ஆக்கிவிட்டார்கள். “பேனா, மூடி எங்கடா?” என்று தலையில் தட்டுவார்கள். வீட்டில் அம்மாவுக்கு அவன் தம்பிதான். முழுப் பெயரையும் வாய் நிறையச் சொன்னவர் அப்பா ஒருவரே. பெயர்களுக்கு அர்த்தம் சொல்லும் இணையப் பக்கம் ஒன்றை ஒருநாள் கண்டுபிடித்தார். பொருள்: நற்பெயர் கொண்டவன். மூலம்: பாரசீகம். பிரபலம்: மிக அரிது. அந்தப் பக்கத்தை வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம் காட்டினார்.

மகன் மருந்தாளுநர் படிப்பு முடித்து, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். குளிர்ப்பெட்டி அறைக்கு அவன்தான் பொறுப்பு. உள்ளே போகும்போதெல்லாம் ஸ்வெட்டர் மாட்டிக்கொள்வான். ஊசி மருந்துக் குப்பிகளைத் தேதி பார்த்து முன்னும் பின்னுமாக அடுக்குவான். புற்றுநோய்க்குப் போடும் விலையுயர்ந்த குப்பிகள் சிலவற்றில் மருந்துக்குப் பதில் வெறும் உப்புநீர் இருந்தது தெரியவந்த அன்று, கிடங்கில் வேலை பார்த்த மூன்று பேரையும் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. அன்று சாயங்காலமே செய்தித் தளங்களில் மூன்று பேரின் பெயரும், துண்டு கட்டி மறைத்த முகமும் வந்துவிட்டன.

அவன் எடுக்கவில்லை. கிடங்கின் மேலாளரும் மருந்து சப்ளை செய்தவரும் சேர்ந்து செய்த வேலை அது. விசாரணை இழுத்தடித்து, அடுத்த வருஷம் அது வெளிவந்தது. மூன்று பேருக்கும் சம்பந்தமில்லை என்று கோர்ட்டே சொன்னது. அதை எந்தத் தளமும் போடவில்லை.

மற்ற இரண்டு பேரும் சீக்கிரமே வேறு இடங்களில் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுடைய பெயரைத் தேடினால் ஒரு விளையாட்டு வீரர் வருவார், ஒரு பல் டாக்டர் வருவார், கல்யாண போட்டோக்காரர் ஒருவர் வருவார். அந்தக் கூட்டத்தில் அவர்கள் கரைந்துபோனார்கள். பெஹ்னாம் என்று தமிழில் அடித்தால் வருவது ஒரே ஒரு செய்தி. உப்புநீர் செய்தி.

நேர்காணலுக்குப் போன இடங்களில் எல்லாம் ஒரே மாதிரி நடந்தது. முதலில் பெயரைக் கேட்டு முகம் மலர்வார்கள். “வித்தியாசமா இருக்கே, என்ன அர்த்தம்?” அவன் சொல்வான். அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எதிரே இருப்பவரின் கட்டைவிரல் போனில் நகரும். பிறகு நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

“விடுதலை ஆயிட்டேன் சார். கோர்ட் தீர்ப்பு கையிலயே இருக்கு.”

“அது சரி தம்பி. நாங்க சொல்லி அனுப்புறோம்.”

அப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை. தேடலில் முதலில் வந்த செய்தித் தளத்தின் அலுவலகத்துக்குப் போய், தீர்ப்பின் நகலைக் கொடுத்துக் கெஞ்சினார். உதவி ஆசிரியராக இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள். செய்தியை எடுக்க முடியாது, வேண்டுமானால் கீழே ஒரு வரி சேர்க்கிறேன் என்றாள். சொன்னபடியே சேர்த்தாள். பழைய செய்தி புதிய தேதியோடு மறுபடி மேலே வந்தது. தலைப்பும் படமும் அப்படியே இருந்தன. கடைசி வரிவரை யாரும் இறங்கிப் படிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட “மறுபடியும் ஏதாவது பிரச்சினையா?” என்று அம்மாவிடம் கேட்டார்கள்.

அன்று சாப்பிடும்போது மகன் தலையைத் தூக்காமல் சொன்னான்: “அப்பா, பேரை மாத்திக்கிறேன்.”

அப்பா தட்டிலிருந்து கையை எடுத்தார். “தப்பு பண்ணவன் மாத்திக்கட்டும். நீ ஏன்டா மாத்தணும்?”

“தப்பு பண்ணவருக்குச் சாதாரணப் பேருப்பா. அவருக்கு மாத்த வேண்டிய அவசியமே இல்ல.”

“அது நல்ல பேருடா...” என்று தொடங்கியவர் பாதியில் எழுந்து கை கழுவப் போனார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் ஒரு பெயரை மகன் தேர்ந்தெடுத்தான். அரசு அலுவலகத்தில் பதிந்து, சான்றிதழ்களையெல்லாம் திருத்தி வாங்க மாதக்கணக்கில் அலைந்தான். அதன் பிறகு மருந்து மொத்த விற்பனை நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. புதுப் பெயரைப் போட்ட அடையாள அட்டையை அவன் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றபோது அம்மா நெட்டி முறித்தாள். அப்பா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “போட்டோ நல்லா விழுந்திருக்கு” என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது வாரம் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். அம்மா அப்போதுதான் துணி ஊறவைத்துவிட்டு ஈரக் கையோடு வந்திருந்தாள். வந்தவர் புதுப் பெயரைச் சொல்லி, “இருக்காங்களா?” என்று கேட்டார்.

“அப்படி யாரும் இங்க இல்லீங்களே” என்று கதவைச் சாத்தினாள்.

சமையலறைவரை போனவளுக்குச் சுரீர் என்றது. செருப்புகூடப் போடாமல் படியில் ஓடினாள். கீழே அவர் வண்டியைக் கிளப்பிவிட்டிருந்தார். “ஐயா! என் புள்ளைதாங்க! அது என் புள்ளை பேருதாங்க!” என்று தெருமுனைவரை கத்திக்கொண்டே ஓடினாள். அவர் திரும்பவில்லை.

அவர் நிறுவனம் அனுப்பிய ஆள். கொடுத்த விலாசம் சரிதானா என்று பார்க்க வந்தவர். ‘அப்படி ஒருவர் இந்த விலாசத்தில் இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மகனைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். விளக்கம் சொல்லப் பழைய பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. பழைய பெயரைச் சொன்ன பிறகு சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. “எங்ககிட்ட ஏன் மறைச்சீங்க?” என்று மட்டும் கேட்டார்கள். அடையாள அட்டையை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள்.

“என் வாய்ல கொள்ளி வைக்க” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “சனியன் பிடிச்ச வாயி!”

“விடும்மா. எனக்கே அந்தப் பேரு இன்னும் ஒட்டல” என்றான் மகன். கோபம்கூட இல்லை அவனிடம். அதுதான் அம்மாவைப் பயமுறுத்தியது.

ஒரு மாதம் வீட்டுக்குள்ளேயே கிடந்தான். அப்பா வேலைக்குப் போகும்போதும் படுத்திருப்பான், வரும்போதும் படுத்திருப்பான். தாய்மாமன் யாரையோ பிடித்து, தொலைதூரத் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் ஆலை ஒன்றில் இடம் சொல்லி வைத்தார். அங்கே படிப்பையும் கேட்க மாட்டார்கள், பழைய கதையையும் கேட்க மாட்டார்கள். தோள் இருந்தால் போதும். மருந்தைப் படித்த பிள்ளை பாரம் தூக்கவா என்று அம்மா அழுதாள். மகன் ஸ்வெட்டரைப் பெட்டியில் வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாதான் போன் செய்வார்.

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்ப்பா.”

“கை எப்படி இருக்கு? வெடிச்சிருக்குன்னு அம்மாகிட்ட சொன்னியாமே?”

“பரவாயில்ல. எண்ணெய் தடவுறேன்.”

அப்பா அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டிருந்தார். பழையதைச் சொல்லக் கூடாது. புதியது நாவில் வரவில்லை. போனில் இயந்திரம் ஐஸை நொறுக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு ஞாயிறு அந்தச் சத்தத்துக்கு நடுவே யாரோ ஒருவர் ஒரு பெயரைச் சொல்லிக் கத்துவது அப்பாவுக்குக் கேட்டது. ஒருமுறை. மறுபடி. மூன்றாவது முறை கூடவே ஒரு வசவும் வந்தது. மகன் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை.

“யாரையோ கூப்பிடுறாங்களேப்பா?” என்றார் அப்பா.

நாலாவது முறையும் அந்தக் குரல் கத்தியது.

“என்னைத்தான் போலப்பா” என்றான். “வைக்கிறேன்.”