கந்தோருக்கு ஓர் அறை

எழுபத்தொன்பதில் ஊரில் பாதி ஆண்கள் சவூதிக்கு வேலைக்குப் போகத் துடித்துக்கொண்டிருந்தபோதுதான், என் கணவருக்குக் கந்தோர், அதாவது ஆபீஸ், தேடும் வியாதி பிடித்தது. அவர்களை அனுப்பி வைக்கும் தொழிலைத் தானே செய்யலாம் என்று காலிதீன் முடிவு கட்டிவிட்டார். பஸ் டிப்போவில் பார்த்த கிளாக்கர் வேலையை விட்டுவிட்டு, முத்தலிப் என்ற பொடியனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். ஒழுங்கான கந்தோர் இருந்தால் கல்முனைப் பக்கத்து வேலையைத் தருகிறோம் என்று கொழும்பு ஏஜென்சி ஒன்று சொல்லியிருந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் அதன் மேனேஜர் வந்து பார்ப்பார். இடம் பிடிக்காவிட்டால் அக்கரைப்பற்றில் வேறு ஆள் தயார். விட்ட வேலையும் திரும்பக் கிடைக்காது.

இத்தனைக்கும் எங்கள் வீட்டு முன்னறை சும்மா கிடந்தது. கல்முனைக்குடியில், வீதியைப் பார்த்த அறை. தனி வாசல், பெரிய ஜன்னல். வாப்பா எனக்குச் சீதனமாகக் கட்டித் தந்த வீடு அது. எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேர்வார். காலிதீனும் அப்படி வந்தவர்தான். வந்து பதினொரு வருடம்.

நானாகவே கொடுத்திருக்கலாமே என்பீர்கள். கொடுத்தேனே! தொடக்கத்திலேயே சொன்னேன்.

"பொண்டாட்டிட வீட்டுல சோறு திங்கிறது போதாதா? கந்தோரையும் அங்கதான் போட்டிரிக்கான் எண்டு ஊர் சிரிக்கட்டும் எண்டா சொல்றாய்?" என்று எகிறினார்.

அதோடு வாயை மூடிக்கொண்டேன். வேண்டுமென்றால் அவராகக் கேட்கட்டும். ஆனாலும் மனம் கேட்குமா? செற்றி நாற்காலிகளை உள்ளே இழுத்துப் போட்டு, அறையைக் கூட்டிக் கழுவி, பாய் விரித்து வைத்தேன். தினமும் அதைத் தாண்டித்தான் பள்ளிவாசலுக்குப் போனார். ஒரு நாளாவது தலையைத் திருப்பிப் பார்த்தால்தானே!

முதலில் எடுத்தது பஸாரில், பேக்கரிக்கு மேலே ஒரு மாடி அறை. சவூதிக்குப் போகிறவன் தனியாகவா வருவான்? உம்மாவும் மாமியாரும் பெண்டாட்டியும் ஏஜென்டின் முகத்தைப் பார்த்தால்தான் அவர்களுக்கு நிம்மதி. பஸார் ஆண்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்திருக்க, அந்தச் செங்குத்துப் படியில் எந்தப் பெண் ஏறுவாள்? கீழேயே நின்றுவிட்டுத் திரும்பினார்கள். அவர்களில் சிலர் விசாரித்துக்கொண்டு என்னிடம் வந்து, முன்னறைப் பாயில் உட்கார்ந்து, "உங்கட மாப்பிள்ளைய நம்பிப் புள்ளைய அனுப்பலாமாகா?" என்று கேட்டுப் போனார்கள். இதை அவரிடம் சொன்னபோது "ஆ" என்றார். அவ்வளவுதான்.

அடுத்தது மீன் சந்தைக்குப் பக்கத்தில். படி ஏறத் தேவையில்லை என்று பெருமை வேறு! ஒரு வாரத்தில் பாஸ்போர்ட்டெல்லாம் சூரை மீன் நாற்றம். அவருடைய சட்டையைத் துவைத்துத் துவைத்து என் கை தேய்ந்தது. அதையும் விட்டார்.

மூன்றாவதாகக் கண்ணில் பட்டது அபுல் ஹஸன் போடியாரின் புது வீடு. ஏக்கர் கணக்கில் வயல் வைத்திருக்கிற மனிதர். வீடு பூச்சு வேலை முடிந்து பூட்டிக் கிடந்தது. அவருக்கு ஜெமீலா என்று ஒரே மகள். வீடு யாருக்கென்று நான் சொல்லியா தெரிய வேண்டும்?

"அது வாடகைக்கு விடுற வீடில்ல. மாப்பிள்ளைக்குக் காத்திரிக்கிற வீடு" என்றேன்.

"உனக்கென்ன தெரியும்? அந்தப் புள்ள இன்னும் படிச்சிக்கிட்டிரிக்கி" என்று சொல்லிவிட்டு, வாடகை பேச முத்தலிப்பை அனுப்பினார். யாரை? கல்யாணமாகாத, ஐந்து வேளையும் தொழுகிற, பார்க்கவும் லட்சணமான முத்தலிப்பை! போடியார் அவனை உட்கார வைத்து, வட்டிலப்பம் கொடுத்து, உம்மா எந்தக் குடி, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்தாராம். "நல்ல மரியாத பண்றாங்க. விசயம் பழுக்குது" என்று இவர் கையைத் தேய்த்துக்கொண்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கடைசியில் முத்தலிப் தலையைக் குனிந்துகொண்டு வந்தான். இவரை அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவான்.

"வீட்ட வாடகைக்குத் தரமாட்டாராம், நானா. மகளையும் வீட்டையும் சேத்துத் தாறாராம். என்ட உம்மாவும் ஓம் எண்டுட்டா."

 இவர் முகம் மலர்ந்தது. "அப்ப நல்லதுதானே! இனி உன்ட வீடுதானே?"

"என்ட வீடா? ஜெமீலாட வீடு, நானா! புது மாப்பிள்ள மேச கதிரையோட போய் இறங்கி, கந்தோர் போடப் போறன் எண்டு எப்பிடிக் கேக்குற?"

பெருநாள் முடிந்தது. மேனேஜர் வந்தே விட்டார். காட்ட இடமில்லாமல், சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்று வீட்டுக்கு அழைத்து வந்தார் இவர். முன்னறையில் மருதமுனையிலிருந்து வந்த இரண்டு உம்மாமார், மகன்மாரைப் பற்றி என்னிடம் கதைக்கக் காத்திருந்தார்கள். மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார், தனி வாசலைப் பார்த்தார், அந்தப் பெண்களையும் பார்த்தார்.

"இதை விட நல்ல இடம் எங்க கிடைக்கும்? பொம்பிளைகளும் கூச்சமில்லாம வாறாங்களே. யாருட வீடு இது?"

நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். இவர் சொன்னார்:

"இது என்ட வீடில்ல. வீட்டுக்காரவங்கக்கிட்டத்தான் கேக்கணும்."

வீட்டுக்காரவங்க! எனக்குக் கோபத்தில் அழுகை வந்துவிட்டது. அந்நிய ஆள் இருப்பதுகூட நினைவில்லை.

"பேக்கரிக்காரனுக்கிட்டக் கேட்டீங்க, மீன் சந்தையில கேட்டீங்க, போடியாருக்கிட்ட ஆள் விட்டுக் கேட்டீங்க. எனக்கிட்டக் கேக்க மட்டும் உங்களுக்கு வாய் வரல்ல. பதினொரு வருசமா இந்த வீட்டுல விருந்தாளியாவா இருந்தீங்க?"

சொல்லிவிட்டுச் சமைத்த இடத்துக்கே, குசினிக்குள் திரும்பிவிட்டேன். பிறகு இவர் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு குசினிக்குள் வந்தார். என் முகத்தைப் பார்க்க முடியாமல் அடுப்பைப் பார்த்தார்.

"ஸுல்பிகா, முன்னறையத் தாறியா?"

இத்தனை மாதமும் இதற்கென்று எத்தனை பதில்களைக் கூராக்கி வைத்திருந்தேன்.  சோறு நிறைந்த சகன் தட்டைத்தான் எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"கொண்டு போய் வைங்க, ஆறுது. உங்கட வீட்டுக்கு வந்த மனிசன் பசியோட இரிக்காரு."