பெரியப்பாவுக்குத் திறக்காத கதவு

வாசற்கதவின் அடிப்பாகத்தில் செருப்புத் தடம் பதிந்திருந்தது. ஒன்றல்ல, ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்து. வேலை முடிந்து மாடியேறி வந்தவள் சாவியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். உள்ளேயிருந்து கணவனின் குரல் கேட்டது.

"மன்னிப்புக் கேளுடி! வாய் என்ன ஒட்டிப்போச்சா?"

அவள் ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க நீராவிக்கு நடுவே நின்றபடி வேலை. போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது; வாசலில் இருக்கும் பெட்டியில் வைத்துவிட வேண்டும். கணவன் கார் பட்டறையில் மெக்கானிக். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் வீடு மாறிப் போய்விடவே, பத்து வயது மூத்தவளையும், வாய் ஓயாததால் சில்வண்டு என்று பெயர் வாங்கிய ஆறு வயது இளையவளையும் தனியாக விடவேண்டியதாயிற்று.

சும்மா விட்டுவிடவில்லை. பல வாரம் பழக்கினாள். கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய், குரலை மாற்றிக்கொண்டு கதவைத் தட்டுவாள். "கூரியர்மா." "கீழ் வீட்டுல தண்ணி ஒழுகுது, குழாயப் பாக்கணும்." "உங்கம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க, என்கூட வா பாப்பா." முதல் தடவை ஆஸ்பத்திரி என்றதுமே சில்வண்டு அலறிக்கொண்டு வந்து திறந்துவிட்டாள். போகப்போக இரண்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்காரப் பழகிவிட்டன. தெரிந்தவர்களே வந்தாலும் வீட்டு வார்த்தையைச் சொன்னால்தான் கதவு திறக்கும். வார்த்தையைப் பிள்ளைகளே வைத்தார்கள்: வழுக்கை ஒட்டகம். அப்போது அப்பன்காரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அவள் கதவைத் திறந்து உள்ளே போனாள்.

கூடத்து நாற்காலியில் கணவனின் அண்ணன் உட்கார்ந்திருந்தார். இரும்புக்கடை முதலாளி. கல்யாண வீட்டில் மரியாதை குறைந்தவர் மாதிரி முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மூத்தவள் சுவரோடு சுவராக நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் சில்வண்டு. அவளிடமிருந்து சத்தமே இல்லை. பாவாடை நனைந்திருந்தது.

"வா," என்றான் கணவன். "உன் பொண்ணு பண்ணின காரியத்தக் கேளு. இந்தப் பக்கம் வேலையா வந்த மனுஷன், கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போலாம்னு வந்திருக்காரு. ரெண்டு மணி நேரமா பிச்சைக்காரன் மாதிரி வாசல்ல நிக்க வச்சிருக்கா! நான் வந்து சாவி போட்டுத்தான் உள்ள கூட்டிட்டு வந்தேன்."

"பெரியப்பான்னு சொன்னேன்," என்றார் அண்ணன். "வார்த்தையச் சொல்லுங்கங்குது. என்ன வார்த்தை? நான் தூக்கி வளத்த புள்ள!"

அவர் தூக்கி வளர்த்ததெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை போட்டோவுக்கு நிற்கும்போதுதான். அதைச் சொல்ல அவளுக்கு நாக்கு துடித்தது. மூத்தவளைப் பார்த்தாள்.

"நீ சொல்லு. என்ன நடந்துச்சு?"

"பெரியப்பா தட்டினாரு. அம்மா வந்ததும் வாங்கன்னு சொன்னேன். அப்பாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கர்ல கதவுகிட்ட வச்சாரு. அப்பா குரல்தான். ஆனா நீதான சொன்ன, குரல எப்படி வேணா மாத்தலாம்னு. வார்த்தை சொல்லுங்கப்பான்னேன். அப்பா, 'ஏதோ ஒட்டகம்டி, தொறடி'ன்னாரு."

"அப்புறம்?"

"ஏதோ ஒட்டகம் போதாதுப்பான்னேன். பெரியப்பா கதவ உதைச்சாரு. 'தொறக்கிறியா, உடைச்சுட்டு வரட்டுமா'ன்னு கத்தினாரு. நான் தங்கச்சியக் கூட்டிட்டுப் போய் பாத்ரூம்ல தாழ் போட்டுக்கிட்டேன். வீட்டுப் போன் அடிச்சுது. எடுக்கப் பயமா இருந்துச்சு."

அவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. கத்தவில்லை. பையை மேசைமேல் வைத்தாள். பிள்ளைகள் இருவரையும் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துக்கொண்டு போனாள். போகிற போக்கில் கூடத்து விளக்கை அணைத்தாள்.

"ஏய், எங்க போற?" என்றான் கணவன்.

"ரெண்டு பேரும் அப்படியே உக்காந்திருங்க."

வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள். பிள்ளைகளைக் காதைப் பொத்திக்கொள்ளச் சொன்னாள். பிறகு, நாளெல்லாம் நின்று கடுத்துப்போன காலைத் தூக்கி, கதவின் அடியில் ஓங்கி ஒரு உதை விட்டாள். அந்த மாடி முழுக்க அதிர்ந்தது. உள்ளே ஏதோ உருண்டது.

"தொறக்கிறியா, உடைச்சுட்டு வரட்டுமா?"

இன்னொரு உதை. இன்னொன்று. "தொறடி! யாருன்னு நெனச்ச என்னை?"

எதிர்வீட்டுக் கதவு திறந்து அந்த வீட்டுக்காரி தலையை நீட்டினாள். "என்னாச்சுக்கா?"

"அவரு உதைச்சப்பவும் இப்படித் தலைய நீட்டினீங்களா?" என்று கேட்டாள் இவள்.

அந்த அம்மாள் தரையைப் பார்த்தாள். "குடும்ப விஷயம்னு நெனச்சேன்…"

சில்வண்டு அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தாள். அன்று மாலை முதன்முதலாக வாய் திறந்தாள். "அம்மா, நானும் ஒண்ணு உதைக்கட்டா?"

"வேண்டாம். அந்தப் பழக்கம் என்னோட போகட்டும்."

பூட்டைத் திறந்து விளக்கைப் போட்டபோது அண்ணன் எழுந்து சுவரோரம் நின்றிருந்தார். நெற்றி வேர்த்திருந்தது. தண்ணீர்ச் சொம்பு தரையில் கிடந்தது. கணவன் அதை எடுக்கக்கூடத் தோன்றாமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கதவுக்கு அந்தப் பக்கம் நான்தான் நிக்கிறேன்னு உங்களுக்குத் தெரியும். ஆம்பளைங்க ரெண்டு பேரு. அப்படியும் வேர்த்துடுச்சு," என்றாள். "உள்ள இருந்தது பத்து வயசும் ஆறு வயசும். மன்னிப்பு யாரு யாருகிட்ட கேக்கணும்?"

"என்னை அவமானப்படுத்துறா, பாத்துட்டு நிக்கிறியே," என்றார் அண்ணன் தம்பியிடம்.

கணவன் குனிந்து சொம்பை எடுத்தான். "கதவ உதைச்சது தப்புண்ணா," என்றான். குரல் எழும்பவே இல்லை. ஆனால் சொல்லிவிட்டான்.

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு, "இனி இந்த வாசப்படிய மிதிச்சா ஏன்னு கேளு," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அவள் கோபம் அவரோடு இறங்கிப் போகவில்லை. கணவன் பக்கம் திரும்பினாள். "அவருக்குத் தெரியாது, விடுங்க. உங்களுக்கு எப்படி மறந்துச்சு? வண்டி நம்பர் நூறு மனசுல இருக்கு. ரெண்டு சொல்லு இல்ல?"

"வெளையாட்டுன்னு நெனச்சுட்டேன்."

"அதத்தான் சொல்றேன்."

அவன் மூத்தவள் முன்னால் போய் மண்டியிட்டான். அவள் தோளைத் தொடக் கையை நீட்டினான். பிள்ளை ஒரு அடி பின்னால் போனாள். அவன் கை அந்தரத்தில் நின்றது. அதைப் பார்த்தபோது தாய்க்காரிக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் குறுக்கே போய்ச் சமாதானம் செய்யவில்லை. அவனாகவே சரிசெய்யட்டும்.

மறுநாள் சலவைக்கூடத்தில் கைப்பேசியைப் பெட்டியில் வைக்காமல் நேராக மேற்பார்வையாளரின் மேசைமேல் கொண்டுபோய் வைத்தாள்.

"இது இங்க இருக்கும். அடிச்சா நீங்க எடுங்க, இல்ல என்னைக் கூப்பிடுங்க."

"ரூல் தெரியும்ல?" என்றார் அவர்.

"தெரியும். உங்க புள்ளைங்ககூட வீட்டுல யாரு இருக்கா?"

அவர் கைப்பேசியைத் தன் பேனா டப்பாவுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். அவள் நீராவிக்குள் போய் முதல் விரிப்பை உதறினாள்.