அலாரம் அடிக்காத ஞாயிறு

பந்தியில் உட்கார்ந்திருந்த வைஷ்ணவி, இலைக்குப் பக்கத்தில் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அது ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

“லீவு போட்டுட்டுத்தானே வந்தே? பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி அதையே பாக்குறே!” என்றார், குழம்பு வாளியோடு வந்த சித்தப்பா வெள்ளைச்சாமி.

“சும்மாதான் சித்தப்பா.”

சும்மா இல்லை. திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் சர்வர்களை விராலிமலை வீட்டிலிருந்தபடி கண்காணிப்பது அவள் வேலை. லேபிலிருந்து ரத்தப் பரிசோதனை முடிவுகள் வார்டுக்குப் போவது அந்த சர்வர் வழியாகத்தான். ஞாயிறுதோறும் பேக்கப் ஓடும், டிஸ்க் நிரம்பும், அலாரம் கத்தும். யாராவது பழைய ஃபைல்களை அழித்து இடம் பண்ணியாக வேண்டும்.

இன்று பெரியப்பா பேத்திக்கு ஆவூர்ப் பக்கம் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. அதனால் தன் அலாரங்களை, கூட வேலை பார்க்கும் எழிலரசனுக்குத் திருப்பிவிட்டிருந்தாள். லீவுக்கும் மாற்று ஆளுக்கும் ஆபீஸில் புதிதாகப் போட்ட ஆட்டோமேஷன் சாஃப்ட்வேரே ஒப்புதல் கொடுத்துவிடும். யாரும் யாரிடமும் நேரில் கேட்க வேண்டியதில்லை. ஆனால் நாலு சந்தேகமாவது கேட்காமல் எழிலரசன் ஒரு ஞாயிறையும் தாண்டியதில்லை. இன்று ஏன் இந்த மௌனம்?

வெளியே கொட்டுச் சத்தம். குன்றாண்டார்கோவிலிலிருந்து தாய்மாமன் சீர் வந்துகொண்டிருந்தது. கூலிங்கிளாஸ் போட்ட ஒருவன் ஆப்பிள் தட்டைத் தலையில் வைத்து ஆடிக்கொண்டு வந்தான்.

வீடியோ காலில் மட்டுமே பார்த்த முகம். வைஷ்ணவி கூவினாள்.

“எழிலு!”

தட்டு சரிந்தது. ஆப்பிள்கள் உருண்டன.

“அக்கா! நீங்க டூட்டியில இல்ல?”

“ஒனக்குத்தானே மாத்திவிட்டேன்!”

“நான் ஒங்களுக்கு மாத்திவிட்டேனே! தாய்மாமன் என் ஃப்ரெண்டுக்கா. சிஸ்டம் ஓகே சொல்லுச்சு!”

இரண்டுக்கும் ஓகே சொல்லியிருக்கிறது. அலாரம் அவளிடமிருந்து அவனுக்கு, அவனிடமிருந்து அவளுக்கு என்று சுற்றிச் சுற்றி வந்து, எந்தப் போனையும் தொடவில்லை.

“லேப்டாப்?”

“வேன்ல.”

“ஏய், கறி வைக்கிறதுக்குள்ள எங்கடி எந்திரிக்கிறே?” சித்தப்பாவின் குரல் பின்னால் துரத்தியது. அவள் திரும்பவில்லை.

கோயிலுக்குப் பின்னால் இருந்த பாறை மேல்தான் சிக்னல். வெயிலில் பாறை கொதித்தது. எழிலரசன் பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தான், மறுபடி அடித்தான்.

டிஸ்க் முழுக்க நிரம்பியிருந்தது. லேப் முடிவுகள் வரிசையில் தேங்கிக் கிடந்தன.

“நீ இடம் பண்ணு. நான் லேபுக்குப் பேசுறேன்.”

மறுமுனையில் ஒரு பெண் அலட்டிக்கொள்ளாமல் சொன்னாள். “இங்க எல்லாம் ‘அனுப்பியாச்சு’ன்னுதான் மேடம் காட்டுது.”

“எதுவும் போகலைங்க! ஸ்கிரீன நம்பாதீங்க. ஐ.சி.யூ. ரிசல்ட்ட முதல்ல போன்லயே படிச்சுச் சொல்லிடுங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

காகிதம் புரளும் ஓசை. காலடிகள். யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம். வைஷ்ணவி உள்ளங்கைக் குழம்பு காய்ந்து இழுப்பதை உணர்ந்தபடி நின்றாள்.

“மேடம்...” அந்தக் குரலில் இப்போது பதற்றம். “ஒருத்தருக்குப் பொட்டாசியம் பயங்கரமா ஏறியிருக்கு. டாக்டருக்குத் தெரியாது. இப்பத்தான் சொன்னோம்... ஊசி போட ஆரம்பிச்சுட்டாங்க.”

“ஓடுதுக்கா!” எழிலரசன் கத்தினான். தேங்கிய முடிவுகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன.

இருவரும் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அரை மணி நேரம் கழித்து அவள் மறுபடி லேபுக்கு அடித்தாள். ஆள் பிழைத்துக்கொண்டார் என்றார்கள்.

அப்போதுதான் மெயில் வந்தது. ஆட்டோமேஷனின் அறிக்கை, சென்னையில் மேனேஜர் சார்லஸுக்கும் சேர்த்து: இன்று யாரும் பார்க்க வேண்டிய அலாரம் ஏதுமில்லை. ஆள் தலையீடு தேவைப்படவில்லை.

“விட்றலாம்க்கா,” என்றான் எழிலரசன் மெதுவாக. “ரெண்டு பேருக்கும் வேலை தங்கும்.”

“அடுத்த ஞாயிறு அந்த ஆளு எடத்துல எவன்டா படுத்திருப்பான்?”

அவள் சார்லஸின் நம்பரை அழுத்தினாள்.

“என்ன வைஷ்ணவி, லீவுல? ரிப்போர்ட் பாத்தேன். பிரமாதம்!”

“சார்,” என்றாள். “அந்த ரிப்போர்ட் பொய் சார்.”