ஒன்பது புள்ளி நான்கு

"கையெழுத்துப் போட மாட்டேன்" என்று உர்சுலா சொன்னாள்.

டாக்டர் ஜெரார்ட் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் இருபது வருடமாகக் குதிரைகளுக்கு மருத்துவம் பார்ப்பவர். உர்சுலா அவருடைய கிளினிக்கில் மருத்துவராகச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. மார்சிலிங்கைத் தாண்டி இருக்கும் குதிரையேற்றப் பள்ளி ஒன்றில், பண்டான் என்ற மட்டக்குதிரையின் நெஞ்சில் அவருக்கு ஒரு மெல்லிய இரைச்சல் கேட்டிருந்தது. ஸ்கேன் செய்தபோது இதயத்தின் இடது அறை ஒன்பது புள்ளி நான்கு சென்டிமீட்டர் இருந்தது. அதன் எடைக்கு எட்டு புள்ளி ஒன்பதைத் தாண்டக் கூடாது என்றது அட்டவணை. இதயம் பெருத்துவிட்டது, இனிப் பிள்ளைகளை ஏற்ற முடியாது, சும்மா வைத்துப் பார்த்துக்கொள்ளப் பள்ளியில் இடமும் இல்லை. செவ்வாய்க்கிழமை ஊசி போட்டு முடித்துவிடலாம் என்று தீர்மானித்திருந்தார்கள். அறிக்கையில் இரண்டு மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டும் என்பது பள்ளியின் விதி.

"நம்பர் தெளிவா இருக்கு, உர்சுலா. எமோஷனல் ஆகாதீங்க."

"அளவு சரிதான் டாக்டர். எடை இருநூத்து முப்பது கிலோன்னு எழுதியிருக்கு. அதை நிறுத்துப் பார்த்தது யாரு?"

"ஸ்கூல் ரெக்கார்ட்ல இருக்கு லா."

"எந்த வருஷத்து ரெக்கார்ட்?"

அவர் அடுத்த ஃபைலைத் திறந்தார். உர்சுலா பையை எடுத்துக்கொண்டு நேரே பள்ளிக்குப் போனாள்.

லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் சிவகாமசுந்தரி பண்டானின் கொட்டடிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கதவுக்குப் பூட்டுப் போட்டிருந்தாள். மேனேஜர் இரண்டு முறை சாவி கேட்டும் கொடுக்கவில்லையாம்.

"வேலையை விட்டு நிறுத்துனா நிறுத்தட்டும்" என்றாள். "தினம் நாலு கிளாஸ் போவுது. ஒரு நாளாச்சும் மூச்சு வாங்கினதில்ல. ஹார்ட் கெட்டுப்போன குதிரை அப்படியா ஓடும், டாக்டர்?"

"தெரியலை அக்கா. நல்லா இருக்கிற குதிரைங்களையும் பார்த்தாத்தான் சொல்ல முடியும். இதே சைஸ்ல எத்தனை இருக்கு?"

"போனி ஒன்பது. பெரிசு மூணு."

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் உர்சுலாவின் தம்பி ஜோனத்தன் வேனில் வந்தான். தஞ்சோங் பகாரில் சரக்கு கம்பெனியில் வேலை செய்பவன். சரக்கு நிறுக்கும் தராசை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கி வந்திருந்தான். படிக்கும்போது கூடப் படித்த தோழியிடம் உர்சுலா ஸ்கேன் கருவியை இரவல் வாங்கியிருந்தாள். கிளினிக்கின் கருவியைத் தொடவில்லை.

பண்டான் தராசின் மேல் ஏற மறுத்தது. சிவகாமசுந்தரி கேரட்டைக் காட்டிக் காட்டி ஏற்றினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோ.

மூவரும் குனிந்து அந்த எண்ணை மறுபடி படித்தார்கள். சிவகாமசுந்தரிக்குத்தான் முதலில் ஞாபகம் வந்தது. பண்டான் இங்கே வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தது. அன்று எழுதிய எடையை ஆறு வருடமாக யாரும் மாற்றவில்லை.

உர்சுலா அதோடு நிறுத்தவில்லை. ஒவ்வொரு குதிரையாக எடை போட்டாள். வலது முன்னங்காலைச் சற்று முன்னால் இழுத்து வைத்து, முழங்கைக்குப் பின்னால் ரோமத்தை நனைத்து, ஜெல் தடவி, விலா எலும்புகளுக்கு நடுவில் கருவியை வைத்து அழுத்தினாள். திரையில் இதயம் விரியும்போது ஒரு முறை, சுருங்கும்போது ஒரு முறை என ஒவ்வொன்றையும் மும்மூன்று தடவை அளந்தாள். தோள்பட்டை மரத்துப்போனது. பண்டானின் வால்வுகளில் கசிவு எதுவும் இல்லை; அந்த மெல்லிய இரைச்சல் நல்ல குதிரைகளுக்கும் வருவதுதான். அதே எடையுள்ள மட்டக்குதிரைகளில் இதய அறை எட்டு புள்ளி எட்டிலிருந்து ஒன்பது புள்ளி எட்டு வரை இருந்தது. ஒரு கிழட்டு மட்டக்குதிரைக்கு மட்டும் வால்வில் கசிவு தெரிந்தது. அதைக் கணக்கில் சேர்க்காமல், சேர்க்காததன் காரணத்தையும் எழுதி வைத்தாள்.

"அதையும் எழுதணுமா? அப்புறம் அதைக் கொல்லச் சொல்வாங்க" என்றாள் சிவகாமசுந்தரி.

"எழுதாட்டி மத்ததையும் நம்ப மாட்டாங்க, அக்கா. அதுக்கும் நான் சண்டை போடுறேன்."

திங்கட்கிழமை பள்ளி அலுவலகத்தில் மேனேஜர் ரஞ்சனும் ஜெரார்டும் காத்திருந்தார்கள். உர்சுலா நான்கு பக்க அறிக்கையை மேசையில் வைத்தாள். அதன் கீழே அவள் பெயர் மட்டும் இருந்தது.

"யார் பெர்மிஷன்ல பண்ணீங்க?" என்றார் ஜெரார்ட்.

"யார்கிட்டயும் கேக்கல. கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?"

அவர் முதல் பக்கத்தை மட்டும் புரட்டினார். "பதினோரு குதிரையை வெச்சு அட்டவணையை மாத்த முடியாது."

"நான் மாத்தல டாக்டர். அட்டவணையில தப்பான வரியைப் படிச்சிருக்கோம். முந்நூத்துப் பத்து கிலோவுக்கு அதே அட்டவணை என்ன சொல்லுதுன்னு நீங்களே பாருங்க."

ஜெரார்ட் பார்க்கவில்லை. ரஞ்சன்தான் எட்டி அறிக்கையோடு இருந்த அட்டவணைத் தாளை எடுத்தார். விரலால் வரி வரியாகப் படித்துக்கொண்டு வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். முந்நூற்றுப் பத்து கிலோவுக்கு எதிரே ஒன்பது புள்ளி ஒன்பது என்று இருந்தது.

"இப்ப நாங்க இதைக் கொன்னிருந்தா, பழி யார் பேர்ல போயிருக்கும்?" என்று ஜெரார்டைக் கேட்டார்.

ரஞ்சன் செவ்வாய்க்கிழமை ஊசியை ரத்து செய்தார். கிழட்டுக் குதிரையை வேலையிலிருந்து மட்டும் எடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்துத் திரும்ப ஸ்கேன் செய்வதற்கும் ஒத்துக்கொண்டார். பூட்டு விஷயத்தைப் பற்றிச் சிவகாமசுந்தரியிடம் எதுவும் கேட்கவில்லை.

கார் நிறுத்தத்தில் ஜெரார்ட் உர்சுலாவை நிறுத்தினார். "வேற இடம் பார்த்துக்குங்க."

"சரி டாக்டர். ஆனா ரிப்போர்ட்டை வாபஸ் வாங்க மாட்டேன்."

பொங்கோலில் இருக்கும் வீட்டுக்கு உர்சுலா ரயில் ஏறினாள். வீட்டுக் கடன் நினைவுக்கு வந்தது. அம்மாவிடம் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. ஆனாலும் செய்ததற்கு வருத்தம் வரவில்லை. கைப்பேசியை எடுத்து, தீவில் இருக்கும் மற்றக் குதிரையேற்றப் பள்ளிகளின் எண்களைத் தேட ஆரம்பித்தாள். செங்காங் நிலையம் தாண்டுவதற்குள், அங்குள்ள குதிரைகளையும் எடை போட்டு அளக்க விடுவார்களா என்று இரண்டு இடங்களில் கேட்டுவிட்டாள். ஒன்று மறுத்தது. இன்னொன்றில் சனிக்கிழமை வரச் சொன்னார்கள், ஏழு மட்டக்குதிரைகள் இருக்கின்றனவாம்.